பத்துப் பேர்

"எண்ணிப் பாருங்க சார். சரியாப் பத்துப் பேர். ஒண்ணுகூடக் குறையாது."

போலந்துத் தூதரக அதிகாரி பியெலாக் சுவரில் ஓடிய படத்தைக் காட்டினார். வூச் நகரத்து யூதர் கல்லறை. பனி. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகப் பத்து ஆண்கள். நடுவில் ஜூலியன் ரோத்மானின் அம்மா, சவப்பெட்டிக்குள்.

ஜூலியன் எண்ணினார். பத்துதான். கண் நிறைந்துவிட்டது. அதற்குமேல் படம் தெரியவில்லை.

ஆவணப்படம் எடுத்ததற்காகவும் யூதராகப் பிறந்ததற்காகவும் போலந்து அவரை வெளியேற்றி மூன்று வருடம். இப்போது கோபன்ஹேகனில் ஒற்றை அறை. அம்மாவின் அடக்கத்துக்குப் போக விசா மறுத்துவிட்டார்கள். இறந்தவருக்கான காதிஷ் ஜெபம் சொல்லப் பத்து யூத ஆண்கள் கூடியாக வேண்டும். அம்மாவுக்கு யாராவது சொன்னார்களா? ஒரு மாதமாக அவருக்குத் தூக்கமில்லை.

"நீங்க இல்லாத குறையே தெரியலை சார்," என்றார் பியெலாக். "பதிலுக்கு ஒரே ஒரு கையெழுத்து."

நீட்டிய தாளில் இரண்டே வரி. 'போலந்தில் யூதர்கள் நலமாக வாழ்கிறார்கள். எவரும் விரட்டப்படவில்லை.'

"போடாதே ஜூலியன்!" என்றாள் மனைவி ரெகினா. "உன்னை விரட்டிட்டு உன்கிட்டயே சர்டிபிகேட் கேக்குறாங்க. வெக்கமே இல்ல."

"அம்மாவுக்குக் காதிஷ் சொல்லியிருக்காங்க ரெகினா. அதுக்கு ஒரு பொய் சொன்னாப் பரவாயில்ல."

பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். "இன்னொரு தடவை ஓட்டுங்க. கேமரா யாரு? கை இந்த ஆட்டம் ஆடுது."

"புது ஆள் சார். குளிரு வேற."

இந்த முறை கண்ணீர் இல்லை. படத்தொகுப்பு மேசையில் உட்காரும் அதே கண். சவப்பெட்டி குழிக்குள் இறங்கியது. மரியாதையாக, பத்துப் பேரும் ஒரே சமயத்தில் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஜூலியன் பேனாவை மூடினார்.

"கல்லறையில யூதன் தொப்பியைக் கழற்ற மாட்டான். பத்துல ஒருத்தனுக்குக்கூடவா அது தெரியாது? யார் சார் இவங்க?"

பியெலாக்கின் முகம் சிவந்தது.

"எங்க ஆபீஸ் ஆளுங்கதான். வேற என்ன செய்யச் சொல்றீங்க? பத்து யூதருக்கு நான் எங்க சார் போவேன்? இருந்தவங்க எல்லாரையும்தான் நாங்களே துரத்திட்டோமே!"