பேட்டரி மூடிக்குள் ஒரு பொட்டு

பேட்டரி மூடியைத் திறந்ததும் அந்தப் பொட்டுதான் கண்ணில் பட்டது.

மிளகளவு சந்தனம். நடுவில் குங்குமம்.

"பாருங்க பாய். புதுசுன்னு குடுத்தீங்க. யாரோ வீட்டுல பூஜை போட்ட செட்டுல்ல இது!"

கிள்ளானில் ஜெய்னுதீன் கடையில் நான் வாங்கிய கேசட் ரேடியோ மூன்றே வாரத்தில் ஊமையாகிவிட்டது. ஒரு வருட வாரண்டி. அதற்குப் பதிலாகத் தொழிற்சாலை அனுப்பியது இது. அட்டைப்பெட்டி புதுசு, பிளாஸ்டிக் உறையும் புதுசு.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் சீதாலெட்சுமிக்குக் கல்யாணம். சீர்வரிசையில் வைக்க வேண்டிய ரேடியோ. எவர் வீட்டிலோ பாடிக் களைத்ததைச் சம்பந்தி முன்னால் எப்படி வைப்பது?

ஆனாலும் கோபத்தைவிட ஆச்சரியம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. புதுச் சாமானுக்கு நாலு பேர் பார்க்க முன்பக்கம்தான் பொட்டு வைப்பார்கள். தோட்டத்து லோரிக்கே நாங்கள் அப்படித்தான். இது யார், மூடிக்குள் ஒளித்து வைத்தது?

ஜெய்னுதீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். மழுப்புவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இது மூணாவதுண்ணே. வீட்டுல வெச்சதில்ல லா, தொழிற்சாலையில வெச்சது. பழுதாகிப் போனத ரிப்பேர் பண்ணி, புதுப் பெட்டியில போட்டு அனுப்புறானுங்க. அங்க எந்தக் கையோ, இனிமே கெட்டுப்போகக் கூடாதுன்னு பொட்டு வெச்சு விடுது."

முந்தின இரண்டையும் வாங்கியவர்கள் கொண்டுபோய்விட்டார்களாம். போனில் சொன்னதற்குத் தொழிற்சாலை மேனேஜர் நம்பவில்லையாம்.

"நாளைக்கு தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையிலேர்ந்து அவனே வர்றான். பொட்டோட செட்டைக் காட்டு, வெச்ச ஆளை அன்னிக்கே வேலைய விட்டுத் தூக்குறேங்கிறான். அந்த ரிப்பேர் பிரிவுல ஒரே ஒரு தமிழ்ப் பொண்ணுதானாம். இத இங்க விட்டுட்டுப் போங்க. உங்களுக்கு நெசமான புதுசு நான் தரேன்."

அவர் கைகாட்டிய அலமாரியில் சீல் உடைக்காத பெட்டிகள் மூன்று இருந்தன.

மூன்றையும் பார்த்தேன்.

பிறகு கட்டைவிரலைப் பொட்டின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தேன். காய்ந்த சந்தனம் லேசில் விடவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

"ஐயோ, என்னண்ணே பண்றீங்க! அதுதானே சாட்சி!"

"இதுவே போதும் பாய். கட்டிக் குடுங்க."

வீட்டுக்குப் போகும் கேரி தீவு பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். தெலுக் பங்லிமா காராங் வந்தபோது ஜன்னலில் தொழிற்சாலைக் கூரைகள் தெரிந்தன.

சீதாலெட்சுமி நாலு வருஷமாக வேலைக்குப் போவது அங்கேதான்.

என்ன வேலை என்று கேட்டால், "கெட்டுப்போனதைச் சரிபண்றேம்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.