எறும்பு ஏறாத டப்பா

சிறுநீர் பிடித்துத் தரச் சொல்லி லேபில் கொடுத்த டப்பா, ஒரு வருஷமாக வைத்திலிங்கம் வீட்டு அலமாரியில் கற்கண்டு சுமந்து நின்றது. மூடி நல்ல இறுக்கமாம், எறும்பு ஏறாதாம்!

பக்கத்திலிருந்த சுகர் மிஷினுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னிக்கும் நூத்திப்பத்து! மனுஷன் என்னைத்தான் நம்புறார். உன்னை யாரு சீந்துறா?"

"நீ பாக்குறது சர்க்கரையை. கிட்னியை யாருப்பா பாக்குறது?" என்றது டப்பா.

"அதுக்கு ஒண்ணுன்னா அதுவே சொல்லாதா?"

"அது வாயைத் திறக்கிறதுக்குள்ள பாதி போயிருக்கும்."

மறுவாரம் வைத்திலிங்கத்துக்குக் கால் வீங்கியது. சிறுநீர் டெஸ்ட் எடுக்காததற்கு டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, லேபிலிருந்து புது டப்பாவோடு வந்தார்.

'அப்பாடா, இந்தப் புது டப்பாவுக்காவது விடிஞ்சுது' என்று பழைய டப்பா பூரித்தது.

வைத்திலிங்கம் மனைவியிடம் நீட்டினார். "இந்தா மங்களா, இதுக்கும் மூடி இறுக்கம்தான். வெல்லம் போட்டு வை."