தேசிகனின் மூக்கு

ஊராருக்கும் உலகத்தாருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், பெருமாள் கோயில் மடப்பள்ளியின் மூக்கு ஓய்ந்துவிட்டது. நைவேத்தியத்தை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால், தலைமைப் பரிசாரகர் தேசிகன் அண்டாவின் மேல் குனிந்து, கண்ணை மூடி, ஆவியை முகர்ந்தே "உப்பு சரி" என்பார். போன காய்ச்சலில் வாசனை மொத்தமும் போயிற்று. வெளியே தெரிந்தால் வேலையும் போகும். ஆகவே குனிவதையும் கண்ணை மூடுவதையும் மட்டும் விடாமல் செய்துவந்தார். புளியோதரை உப்புக் கரித்த அன்று தர்மகர்த்தா, "ஆகா, பிரசாதத்துல பாற்கடலே இருக்கு!" என்று உருகினார்.

உப்புப் பார்க்கும் மூக்கு போயிற்று என்று தேசிகன் ரகசியமாகப் போய்ச் சொல்ல, டாக்டர் ஒரு பொம்மை மூக்கைப் பிளந்து காட்டினார். "வெளியில இருக்கறது வெறும் வாசப்படி, சாமி. முகர்ற நரம்பு உள்ள, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, உச்சியில இருக்கு. கட்டைவிரல் நகம் அளவு இடம். பட்டுப்போனாலும் திரும்பத் துளிர்க்கும். ஆனா உப்புக்கு வாசனையே கிடையாதே?"

கடைசியில் சொன்னது காதில் விழாத மாதிரி தேசிகன் எழுந்து வந்துவிட்டார்.

மனைவி பத்மாசனி தினமும் கிராம்பையும் பச்சைக் கற்பூரத்தையும் மூக்கருகே நீட்டினாள். "ஏதாவது தெரியறதா?"

"ம்ஹூம்."

"உங்க மூக்காச்சே, பிகு பண்ணிண்டுதான் வரும்."

மார்கழி முதல் நாள், தர்மகர்த்தா பார்த்துக்கொண்டு நிற்க, தேசிகன் வெண்பொங்கல் அண்டாவின் மேல் குனிந்தார். மூக்கின் உச்சியில் ஏதோ சுரீரென்றது. கண்ணில் நீர் முட்டியது. "வந்துடுத்து! வந்துடுத்து!" என்று குதித்தார். அருள்தான் வந்துவிட்டதென்று தர்மகர்த்தா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பொங்கல் அடிப்பிடித்திருந்தது.