அழுகைப் பயிற்சி

பள்ளியில் சேரும் அன்றே பிள்ளைகளின் மணிக்கட்டில் அமைதிப் பட்டை பூட்டிவிடுவார்கள்; பிறகு அதைக் கழற்ற முடியாது. துக்கம் தலைதூக்கினால் பட்டை லேசாகச் சூடாகும், துக்கம் அடங்கிவிடும். நாடக ஆசிரியை குழல்மொழியும் அப்படி வளர்ந்தவள்தான்.

மதிய வகுப்பு முடிந்ததும் பெனிட்டா சீருடை இல்லாமல் வந்து நின்றாள்.

“காலைல அம்மா இறந்துட்டாங்க மிஸ். கல்லு மாதிரி நிக்கிறாளேன்னு பட்டை இல்லாத அத்தைங்க பேசறாங்க. சாயங்காலம் அடக்கம். அதுக்குள்ள அழச் சொல்லிக் குடுங்க.”

தோளைத் தளர்த்தவும் மூச்சை உடைத்து விடவும் குழல்மொழி சொல்லிக்கொடுத்தாள். சில முறை செய்து பார்த்த பிறகு பெனிட்டாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

“நிஜம் மாதிரி இருக்கா மிஸ்?”

“இருக்குடி.”

அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றியது. கை நீட்டுவதற்குள் குழல்மொழியின் மணிக்கட்டு சூடானது.

“நடுவுல மூக்கை உறிஞ்சு. மறந்துடாத,” என்றாள்.