அவசரமில்லாத லேப்டாப்

"இந்த லேப்டாப் இன்னொரு தபா திரும்பி வந்துச்சுன்னா, அதோட நீயும் கெளம்பிடு" என்றார் ஆல்வின்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஆல்வின் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கவியா சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் செங்கல்பட்டில் மாலை நேர ஹார்டுவேர் வகுப்பில் சேர்ந்திருந்தாள். வேலை போனால் வகுப்பும் போய்விடும்.

மேசைமேல் இருந்தது கேம் ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கனமான லேப்டாப். ரோஹித் என்ற பையனுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. ரோஹித்தின் அம்மா தெய்வநாயகி கல்பாக்கம் ஊழியர் குவார்ட்டர்ஸிலிருந்து அதை நான்காவது தடவையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே கோளாறுதான். திரை முழுக்கக் கோடு விழும். கேமைத் திறந்தால் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

"கார்டு பூடுச்சுன்னு மொதல்லயே சொன்னேன். நீதான் நோட்டத் தூக்கினு வந்தே, சரி பண்றேன்னு" என்றார் ஆல்வின்.

பழுது பார்க்கும் முறைகளைக் குறித்துவைத்திருந்த அந்த நோட்டை எடுத்து மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள் கவியா. வெளி மானிட்டரை மாட்டினாள். அதிலும் அதே கோடுகள். அப்படியானால் குற்றம் திரையில் இல்லை, கிராபிக்ஸ் கார்டில்தான். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினாள். மாற்றமில்லை. பின்பக்கத்தைக் கழற்றினாள். அளவுக்கு மீறிச் சூடாகி, சிப்புக்கு அடியில் பற்றவைத்த இடம் மறுபடியும் விட்டுப்போயிருந்தது.

ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டி அதை ஒட்டவைத்தாள். சூட்டை வெளியே கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினாள். நாலு மணி நேரம் கேமை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு கோடுகூட இல்லை.

அதுதான் அவளை வாட்டியது. கடையில் மூன்று தடவையும் இப்படித்தான் ஓடியது. வீட்டுக்குப் போனால் பத்தே நாளில் கெட்டுவிடுகிறது. பேஸ்ட் அதிகமாகிவிட்டதா? ஸ்க்ரூவைச் சரியாக முடுக்கவில்லையா? மற்றவர்கள் செய்தால் நிற்கிற வேலை, தான் செய்தால் மட்டும் ஏன் நிற்பதில்லை?

ஃபேனைத் துடைத்தபோது பச்சை நிறத்தில் கம்பளி இழை ஒன்று சுற்றிக்கொண்டு வந்தது. 'கம்பளி. ஏன்?' என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"மே மாசத்துல கம்பளியா? கல்பாக்கத்துல பனி பேஞ்சுச்சா இன்னா?" என்று சிரித்தார் ஆல்வின்.

தெய்வநாயகியை நினைத்தால்தான் கூச்சமாக இருந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் எப்போது தருவாய் என்று தலைமேல் வந்து நிற்பார்கள். அவர் மட்டும், "நிதானமா பாரும்மா, அவசரமில்ல" என்பார். முதல் தடவை வந்தபோதே, எதெது செய்தால் இது கெட்டுப்போகும் என்று அக்கறையாகக் கேட்டார். பையன் தூங்கப் போனபிறகு ராத்திரியெல்லாம் டவுன்லோடுக்காக ஹாலில் ஆனிலேயே கிடக்கும் என்றும் சொன்னார். கவியா ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள்: மெத்தைமேல் வைக்கக் கூடாது, காற்று போகும் வழியை அடைக்கக் கூடாது, ஆனில் இருக்கும்போது துணியால் மூடக் கூடாது. அவர் அதைப் பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவு நல்லவருக்கு நான்காவது தடவையும் பாழ் வேலை செய்து கொடுக்கக் கூடாது. பையன் அதை எங்கே வைத்து ஆடுகிறான் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் விஷயம் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அவளே கிளம்பினாள்.

கதவைத் திறந்த தெய்வநாயகி பையைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஆயிடுச்சா?"

உள்ளே ரோஹித் தன் அப்பா பாலசுப்ரமணியனுக்கு எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்லூரிக்குப் போவதை நிறுத்திப் பல மாதமாகிறது என்று அவன் அம்மா ஒரு தடவை சொல்லியிருந்தார். இப்போது அவன் ஏதோ சொல்ல, அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நாளா மூணு வேளையும் எங்களோடதான் சாப்பிடறான்" என்றார் தெய்வநாயகி மெதுவாக.

ரோஹித் திரும்பிப் பார்த்தான். எழுந்து கையைக் கழுவினான். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தட்டில் இரண்டரை இட்லி மிச்சம் இருந்தது. பாலசுப்ரமணியன் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அறையைப் பார்க்க முடியுமா என்று கவியா கேட்டாள். அவன் திறக்க மாட்டான் என்றார் தெய்வநாயகி. சொல்ல வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்ததை அப்போது கவியா சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தபா இது திரும்பி வந்தா என்னை வேலைய வுட்டு நிறுத்திடுவாரு மேடம். நான் செய்யறதுல எங்கியோ தப்பு கீது. இன்னான்னுதான் தெரியல."

தெய்வநாயகி மகனின் தட்டைக் கையில் எடுத்தார். மிச்சம் இருந்த இட்லியைப் பார்த்தார்.

"உன் மேல தப்பில்லம்மா. இனிமே அது வராது."

"எப்டி மேடம் அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

தெய்வநாயகி உள்ளே போனார். எதையோ முந்தானையில் மறைத்தபடி திரும்பி வந்தார். கவியாவைப் படிக்கட்டுவரை அழைத்துப் போய், காலியாக இருந்த அவள் பைக்குள் அதைத் திணித்தார். பச்சை நிறக் கம்பளிச் சால்வை.

"இத நீயே எடுத்துட்டுப் போயிடு" என்றார் தெய்வநாயகி. "வீட்டுல இருந்தா, ராத்திரி திரும்பவும் லேப்டாப் மேல போத்திவிட்டுடுவேன்."