உப்பக்காவும் கறிவேப்பிலையும்

ஒரு சர்ச்சில், ஊரே கூடிச் சாப்பிடும் அசன விருந்து. அண்டாவில் குழம்பு கொதிக்க, பக்கத்துத் தட்டில் கறிவேப்பிலையும் கல்லுப்பும் காத்திருந்தன.

"ஆண்டவர் காரியம், நான் வராம இருப்பேனா?" என்றது கறிவேப்பிலை. "ஆனா முழுசாப் போயி முழுசாத் திரும்பிருவேன். நீயும் அப்படியே வாயேன் உப்பக்கா. கரைஞ்சுட்டா நீ இருந்த தடமே இருக்காது."

"பயமாத்தான் இருக்கு தம்பி," என்றது உப்பு. "ஆனா ஊரே பசியோட உக்காந்திருக்குல்லா. நான் கரையாட்டா குழம்ப அதுக வாயில வைக்க முடியாதே." சொல்லிவிட்டு அண்டாவுக்குள் இறங்கிவிட்டது.

பந்தி நடந்தது. கறிவேப்பிலை நினைத்தபடியே, ஒரு பெரியவரின் வாழையிலை ஓரத்தில் மடங்காமல் கசங்காமல் ஒதுங்கிக் கிடந்தது. "உப்பக்கா, எங்க இருக்கே?" என்று கூப்பிட்டுப் பார்த்தது.

பெரியவர் விரலை நக்கிவிட்டு, "இன்னொரு கரண்டி ஊத்துப்பா," என்றார்.