மூன்றாம் மாடி உரல்

ஒரு குலத்தின் உயிர் அதன் உரலில் குடியிருக்கிறது.

அக்ரா வானொலியில் போன வாரம் என் கணவர் ஒபிரி அப்படித்தான் முழங்கினார். அந்த நேரத்தில் எங்கள் உரலில் வெங்காயம் குடியிருந்தது.

இப்போது வெங்காயத்தைக் கீழே கொட்டிவிட்டு, நனைத்து மடித்த குளியல் துண்டை உரலுக்குள் வைத்து, உலக்கையால் இடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நான் அடுப்பில் பாக்கெட் மாவைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன்.

கூடத்தில் அவருடைய தாய்மாமா ஒபுனி உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

வெறும் உரல் 'டங்'கென்று கேட்கும். ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். வெந்த கிழங்கு மாதிரி 'தொப்'பென்று கேட்க ஈரத் துண்டுதான் சரி என்று ஒபிரி காலையிலேயே ஒத்திகை பார்த்துவிட்டார். நாட்டு உணவைப் பற்றி அவர் சொந்தமாகச் செய்த ஒரே ஆராய்ச்சி அது.

விஷயம் சின்னதல்ல. எங்களில் குடும்பத் தலைமை மாமாவிடமிருந்து மருமகனுக்குத்தான் போகும். தலைமை வந்தால் குடும்ப நிலம் முழுவதும் கைக்கு வரும். "ஒபிரி பாக்கெட்டைக் கிழித்துத் தின்கிற பட்டணத்துக்காரன்" என்று மற்ற மருமகன்கள் ஊதிவிட்டிருக்கிறார்கள். அதனால், அவன் வீட்டில் ஒரு வேளை ஃபுஃபு, அதாவது வெந்த கிழங்கை இடித்து உருட்டும் களி, சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு என்று மாமா கிளம்பி வந்துவிட்டார்.

வரும்போதே ஒரு சாக்கு மரவள்ளியும் வாழைக்காயும். "நம்ம நெலத்துல வெளஞ்சது. வேகவச்சு இடிச்சுப் போடு மருமகனே. மிச்சத்த என் தொண்ட சொல்லும்."

வீட்டுச் சொந்தக்காரர் அதற்கு முன்பே சொல்லிவிட்டார். மாடியில் யாரும் உரல் இடிக்கக் கூடாது. யாரோ இடித்து, கீழ்வீட்டுக் கூரையின் காரை அவர்கள் சூப்பில் விழுந்ததிலிருந்து அப்படி. தவிர, நிஜக் கிழங்கை இடித்து முடிக்க ஒபிரிக்கு இடுப்பு இல்லை. உரித்து, வேகவைத்து, இடிக்கு இடி குனிந்து புரட்டிக் கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை. வாரம் முழுக்கப் பாதி ஆயுளைச் சாலை நெரிசலில் விட்டுவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என்னுடையது.

சாக்கு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் போய்விட்டது. பத்து நிமிடம் துண்டை இடித்தால் போதும், அதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் மாடி ஏறி வந்துவிட மாட்டார் என்பது கணக்கு.

"யாரு புரட்டுறது?" மாமா கூடத்திலிருந்து.

"செர்வாதான் மாமா," என்று ஒபிரி என் பெயரைச் சொன்னார்.

"கை சத்தமே கேக்கலியே?"

ஒபிரி என்னைப் பார்த்தார். என் வலது கை கிண்டிக்கொண்டிருந்தது. இடது கையைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு இடிக்கும் நடுவே சமையல் மேடையைச் 'சப்'பென்று அறைந்தேன். யாரை நினைத்து அறைந்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் எங்கள் தரையை அடியிலிருந்து குத்த ஆரம்பித்தாள். அவளால் முடிந்த மட்டும் குத்தினாள்.

"கீழ் வீட்லயும் இடிக்கிறாங்களா?" மாமாவின் குரல் தழுதழுத்தது. "நல்ல கட்டடம்டா இது."

"இன்னும் கொஞ்சம் பலமா அறை," என்று ஒபிரி கிசுகிசுத்தார். வியர்வை மட்டும் நிஜம்.

"மாவு கட்டி தட்டுது. நீங்க வந்து கிண்டுங்க, நான் துண்ட இடிக்கிறேன்."

"மாமா எட்டிப் பாத்துட்டா?"

"குலத்தோட உயிர் கொஞ்சம் ஈரமா இருக்குன்னு சொல்லுங்க."

பரிமாறினேன். ஆட்டுக்கறி சூப்பில் உருண்டை பளபளவென்று மிதந்தது. மாமா கையைக் கழுவிக்கொண்டு, ஒரு துண்டைக் கிள்ளி, சூப்பில் தோய்த்து, முறைப்படி மெல்லாமல் விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் இருவரும் நின்றபடி அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு துண்டு. இன்னொன்று. கிண்ணம் காலியானது.

"பாக்கெட் மாவுல இந்த இழுவ வராது," என்றார் கடைசியில். "தலைம ஒனக்குத்தான் மருமகனே. நெலத்தப் பாத்துக்க."

ஒபிரி அவர் காலருகே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மாமாவை வாசலில் வழியனுப்பிய கையோடு, ஒபிரி மற்ற ஒவ்வொரு மருமகனுக்கும் தொலைபேசத் தொடங்கினார். நிலம் இனி என் பொறுப்பு, எதைப் பயிரிடுவது என்று நான்தான் சொல்வேன், பட்டணத்துக்காரன் யார் என்று இப்போது தெரிகிறதா, என்று.

மரவள்ளி இரண்டு நாள் கூடத் தாங்காது. நான் சாக்கை இழுத்துக்கொண்டு முச்சந்தியில் கிழங்குக் கடை போட்டிருக்கும் மானுவிடம் போனேன். அவள் தலையில் கட்டிவிடலாம் என்று.

மானு சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஏன்க்கா, ஒங்க வீட்டுக்கு வந்த பெரியவருக்குப் புடிக்கலியா? காலைல பஸ்ஸ விட்டு எறங்குனதும் எங்கிட்டதான வாங்குனாரு. ஊர்ல இருந்த நெலத்தயெல்லாம் வீட்டு மனையா வித்துட்டாங்களாமே. சொல்லிச் சொல்லி மாஞ்சு போயிட்டாரு, பாவம்."

நான் சாக்கின் வாயை மறுபடி கட்டினேன்.

"திரும்பிப் போறப்பவும் வந்தாரு. ஊர்ல அவரு வீட்டம்மா வாங்கியாரச் சொன்னாங்கன்னு ரெண்டு பாக்கெட் மாவு வாங்கிட்டுப் போனாரு," என்று தட்டில் அடுக்கியிருந்த பச்சைப் பாக்கெட்டுகளைக் காட்டினாள்.

நாங்கள் வாங்குவதும் அதுதான்.